விருந்துக்கு வந்த நின்றாள்மலை

மலைகள் நகரமாட்டா என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்கிறது. இது பிழை. இதை முதலிலேயே திருத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே சொல்லப்போவதை யாராவது கட்டுக்கதை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஆதியில் மலைகளுக்கு இறகுகள் இருந்தன, அவை நினைத்த இடத்துக்குப் பறந்துபோய் உட்கார்ந்தன, அடியில் சிக்கியவர்கள் முறையிட்டதால் தேவர்களின் அரசன் சினந்து இறகுகளை வெட்டிப்போட்டான் என்று புராணங்கள் சொல்கின்றன. வெட்டப்பட்டவை இறகுகள். கால்களைப் பற்றி எந்தப் புராணத்திலும் ஒரு வரிகூடக் கிடையாது. வேண்டுமானால் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே மலைகள் நின்ற இடத்திலேயே நிற்பதற்குக் காரணம், அவற்றை இதுவரை யாரும் முறையாக அழைக்கவில்லை என்பதுதான். முறையாக அழைக்கப்பட்டு, வரவும் செய்த ஒரே மலை, தெரிந்தமட்டில், நின்றாள்மலை. அழைத்தவள் சிப்பித்துறை செல்லக்கனி.

சிப்பித்துறை கடலோரத்து உப்பள ஊர். தரை அங்கே கடலைவிட ஒரு முழம்தான் உயரம், சில இடங்களில் அதுவும் சந்தேகம். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு, நடுநடுவே வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள், அதைத் தாண்டினால் உடைமரக்காடு, அதையும் தாண்டினால் வானம். சின்ன வயதில் அம்பாரத்து உச்சியில் ஏறி நின்றால் இலங்கை தெரியும் என்று யாரோ சொல்ல, செல்லக்கனி ஏறிப் பார்த்தாள், ஒரு படகு தெரிந்தது. அதற்குமேல் உயரமான எதிலும் அவள் ஏறியதில்லை.

அவளுக்கும் அவள் புருஷன் தவமணிக்கும் இருந்தது ஊரின் கடைசி அளம். வீடும் அளத்தின் ஓரத்திலேயே இருந்தது, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மரத்து நிழல்கூட இல்லாமல் நெடுக நடந்து வர வேண்டிய தூரத்தில். பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வருவதில்லை. வரவில்லை என்பதற்காக அவள் அழைப்பதை நிறுத்திவிடவும் இல்லை. சிப்பித்துறைக்காரர்கள் எந்த இடத்தைவிட்டுக் கிளம்பினாலும், யாரைவிட்டுப் பிரிந்தாலும், ‘போயிட்டு வாரோம், ஒரு நாளைக்கு நம்ம வீட்டுப் பக்கம் வாங்க’ என்று சொல்லாமல் கிளம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்சிடமும் சொல்வார்கள், அபராதம் விதித்த போலீஸ்காரரிடமும் சொல்வார்கள், சொல்லிவிட்டு அந்த நிமிஷமே மறந்துவிடுவார்கள், கேட்டவர்களும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். செல்லக்கனி ஒருத்திதான் ஒவ்வொரு அழைப்பையும் மனசறிந்து சொல்கிறவள். வீட்டில் எப்போதும் ஒரு புதுப்பாயும் ஒரு புதுத் தம்ளரும் எடுத்து வைத்திருந்தாள்.

அந்தச் சித்திரையில் பாத்திகளில் தண்ணீர் கட்டி, உப்பு விளைவதற்காகக் காத்திருந்த இடைவெளியில், தவமணியின் தங்கை ராஜகனிதான் ஆரம்பித்தாள். அவளும் அவர்களோடு அந்த வீட்டில்தான் இருந்தாள்.

“ஊர் ஒலகமே லீவுக்கு எங்கியாச்சும் போவுது. நாம வெயிலுக்குக் காவல் இருக்கோம்.”

“உப்பு வெளையும்போது ஊரவிட்டுப் போனா உருப்பட்டாப்லதான்,” என்றார் தவமணி.

“வெளையுறத நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் வெளையுமா? அதுக்கு வெக்கமாயிருக்காது?”

செல்லக்கனி சிரித்தாள். அவள் சிரித்ததால் தவமணி பை எடுத்தார்.

நின்றாள்மலை தேசியப் பூங்கா மேற்கே, மலைத்தொடரில். அங்கே வண்டி உள்ளே போகாது, கால்நடையாகத்தான் போக வேண்டும், காவலர் ஒருவர் கூட வருவார். இவர்களுக்கு வாய்த்தவர் பேச்சிமுத்து, காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலும் கொண்ட ஒல்லியான மனிதர். விதிகளை ஜபம்போல ஒப்பிப்பார். செடி பறிக்கக் கூடாது, கல் எடுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பாதையைவிட்டு இறங்கக் கூடாது. ஒப்பித்து முடித்து, அட்டைக்கடிக்கு என்று ஆளுக்கொரு துணிப்பொட்டலம் உப்பு கொடுத்தார். ராஜகனி பொட்டலத்தைப் பிரித்து விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“கடுக்குது. மழத்தண்ணி பட்ட உப்பு. எவன் தலையில கட்டுனாம் இத?”

“அட்ட வாயத் தொறந்து கொற சொல்லாதும்மா,” என்றார் பேச்சிமுத்து.

நடந்தார்கள். முதலில் மூங்கில், பிறகு மூங்கிலும் ஈரமும், பிறகு சோலைக்காடு. சோலை என்ற சொல்லைப் பூந்தோட்டத்துக்கும் சினிமாக் கொட்டகைக்கும் வைத்துக் கெடுத்துவிட்டார்கள். உண்மையான சோலை என்பது மலை மடிப்புகளுக்குள் ஒதுங்கி, முதுகு வளைந்து, பாசி போர்த்து, ஒன்றின் தோள்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற மரக்கூட்டம், உள்ளே போனால் நடுப்பகலும் விடிகாலையாகிவிடும், பேசினால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், நின்றால் எல்லாத் திசையிலும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் நடந்துபோகிற சத்தம் கேட்கும். ஆயுசு முழுக்க வெள்ளையும் நீலமுமே பார்த்துச் சுருங்கிய செல்லக்கனியின் கண்கள் பச்சைக்குப் பச்சை வித்தியாசம் பார்த்துப் பார்த்து விரிந்தன. சோலை முடிந்த இடத்தில் புல்வெளி தொடங்கியது, அது ஏறி ஏறி மேகத்துக்குள் போயிற்று. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோது மேகம் சட்டென்று, திரைச்சீலையை யாரோ பிடித்து இழுத்ததுபோல, விலகிற்று.

எதிரே நின்றாள்மலை முழுதாக நின்றது. தோளிலிருந்து இரண்டு வெள்ளை ஓடைகள் இறங்கின. நெற்றி வழுவழுப்பான கரும்பாறை. அது பார்ப்பதற்குப் பெரியதாக இல்லை. பெரியது சிறியது என்ற பேச்சே அதற்கு முன்னால் அர்த்தமில்லாமல் போய்விட்டது. செல்லக்கனி வாயிலிருந்த கவளத்தை விழுங்க மறந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

தவமணி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது பூராவும் உப்பா இருந்தா, வாரி முடிக்கதுக்குள்ள எத்தன தலமொற கழிஞ்சிரும்,” என்றார். உப்பளக்காரர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய தோத்திரம் தெரியாது.

“உச்சிக்குப் போவ முடியாதாய்யா?” என்று செல்லக்கனி கேட்டாள்.

“அனுமதி இல்லக்கா. நானே போனதில்ல.”

சாயங்காலம் வாசலில் பேச்சிமுத்துவிடம் சொல்லிக்கொண்டு, டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு, பஸ் ஏறுமுன் செல்லக்கனி திரும்பினாள். மலை மட்டும் பாக்கி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வந்த பழக்கம் அவளுக்கு இல்லை. கைகூப்பி, நிதானமாக, “போயிட்டு வாரோம் தாயி. மனசு நெறைஞ்சுபோச்சு. ஒரு நாளைக்கு நீங்களும் எங்க வீட்டுப் பக்கம் வாங்க. கண்டிப்பா வரணும்,” என்றாள்.

மனிதர்களோடு பழகாத மலைக்கு அது வெறும் மரியாதை என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

உப்பு விளைந்து, பாத்தியின் மேல் ஆடைபோல முதல் படலம் கட்டிய ஒரு காலையில் மலை வந்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் மேகம் என்று நினைத்துக்கொண்டார்கள். கோடையில் அந்தப் பக்கத்தில் மேகத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை, கும்பிடத்தான் செய்வார்கள். ஒரு பஸ் டிரைவர் மட்டும் அது தன் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டதாகப் பிறகு சொன்னார், இந்தச் சாலையில் தனக்கு வழிவிட்ட ஒரே வாகனம் அதுதான் என்றும் சொன்னார். வறண்ட ஆற்றுப் படுகை வழியாக, ஒரு குடிசையையும் மிதிக்காமல், ஒரு மின்கம்பியையும் இடிக்காமல், புது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உரிய தயக்கத்தோடு வந்து, உடைமரக்காட்டில், செல்லக்கனியின் வீட்டுக்கு நேர்மேற்கே, வீட்டைப் பார்த்த வாக்கில் உட்கார்ந்தது.

செல்லக்கனி வாசல் தெளிக்க வந்தவள், வாளியோடு நின்றாள். வானத்தின் மேற்குப் பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் பாசியும் பாறையும் ஈரக்காற்றும் இருந்தன, எங்கோ உயரத்தில் ஓடைகள் இரண்டும் பேசிக்கொண்டிருந்தன, ஊரில் இதுவரை கேட்டறியாத பறவைகள் ஊரின் பெயரைப் படித்துப் பார்ப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகக் கூவின. ஆயுசில் முதல்முறையாக, அழைத்த ஒருவர் வந்திருந்தார்.

“மதினி,” என்றாள் பின்னால் வந்த ராஜகனி, “வந்த விருந்தாளிக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தியளா?”

புதுத் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் மலையடியில் ஊற்றினார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது என்பது மலைக்கும் தெரிந்திருந்தது போலும், ஊற்றிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஓடை இறங்கி வந்து நின்றது. நல்ல தண்ணீர். சிப்பித்துறையில் நல்ல தண்ணீர் என்பது லாரியில் வருவது, அல்லது வராதது.

ஊர் திகைத்ததா என்று கேட்டால், திகைக்க நேரமில்லை. ஓடைக்குக் குடம் வைப்பதில் யார் முதல், யார் அடுத்து என்ற தகராறு மதியத்துக்குள் தொடங்கி மதியத்துக்குள்ளேயே தீர்ந்தது. வெயிலில் வெந்து, உப்பின் வெளிச்சத்தில் கண் கூசிக் கூசி இமை சிவந்துபோன அளத்து வேலையாட்கள், பொழுது சாயும் முன்பே பாத்திகளின் மேல் நீண்ட மலைநிழலில் போய் உட்கார்ந்து, நிழல் என்பது இவ்வளவு பெரிதாகவும் செய்யப்படுகிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பது விதி. இதுவரை குன்று இல்லாததால் முருகனைப் பக்கத்து ஊரில் போய்க் கும்பிட்டவர்கள் அன்று அந்திக்குள் ஒரு வேல் நட்டுவிட்டார்கள். வரையாடுகள் இறங்கி வந்து அம்பாரங்களை நக்கின, நக்கிவிட்டு நம்ப முடியாமல் மறுபடி நக்கின. அட்டைகள் மட்டும் பாதி இறங்கி, தரையை முகர்ந்து பார்த்துவிட்டு வந்த வழியே ஏறிப்போயின. பஸ் கண்டக்டர் கடைசி நிறுத்தத்தை ‘மலையடி’ என்று கூப்பிடத் தொடங்கினார், அந்தப் பெயர் அங்கே பாட்டன் காலத்திலிருந்து இருப்பதுபோல. பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள் மலையைப் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டு, அழைத்தவளையும் பார்க்க வேண்டும் என்று நெடுக நடந்து அவள் வீட்டுக்கே வந்தார்கள். புதுப்பாய் ஒரு நாள்கூடச் சுருட்டப்படவில்லை.

பேச்சிமுத்துவும் பஸ்ஸில்தான் வந்தார். இரண்டு உடைமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, கொண்டுவந்திருந்த பலகையை மாட்டினார்: அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. உப்பளக்காரர் சங்கத் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி பலகையை வாசித்தார்.

“மலைக்குள்ள நாங்க வரக் கூடாதுங்கேரு. சரி. எங்க ஊருக்குள்ள மலை வரலாமாவே?”

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. மல எங்க இருக்கோ அங்க எனக்கு டூட்டி.”

“நாளைக்கு அது கப்பல் ஏறிப் போச்சுன்னா?”

“பாஸ்போர்ட் எடுக்கணும்,” என்றார் பேச்சிமுத்து, சிரிக்காமல். பிறகு செல்லக்கனியைத் தனியே கூப்பிட்டு, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, அங்க இப்ப மல இருந்த எடத்துல ஆகாசந்தான் இருக்கு. ஆத்துல தண்ணி வத்திக்கிட்டு வருது. பறவைங்க, தங்கி இருந்த மரத்தக் காணாம, அந்த வெறும் எடத்தையே சுத்திச் சுத்திப் பறக்குது. நெல்லு நட்டவங்க என் மொகத்தப் பாக்காங்க. நான் என்னன்னு சொல்ல?”

செல்லக்கனி தம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

அவள் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டதை மேகம் வந்து கேட்டது. கடல்காற்று மலையின் நெற்றியில் மோதி, மோதிய காற்றெல்லாம் மேகமாகி, மேகம் நாளுக்கு நாள் தடித்து, ஒரு மத்தியானம் தூறல் விழுந்தது. சித்திரைத் தூறலை வேறெந்த ஊரும் குலவையிட்டு வரவேற்கும். சிப்பித்துறையில் ஆண்களும் பெண்களும் ஓலைக்கிடுகைத் தூக்கிக்கொண்டு அம்பாரங்களை மூட ஓடினார்கள். மூட முடிந்தது அம்பாரத்தைத்தான். பாத்தியை எதைக்கொண்டு மூடுவது? தவமணி வரப்பில் குத்தவைத்து, விளைந்து பூத்த படலம் ஓரத்திலிருந்து கரைந்து கண்ணாடியாகி, கண்ணாடி தண்ணீராவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சங்கம் கூடிற்று. தங்கப்பழம் அண்ணாச்சி செல்லக்கனியைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் மரியாதையாகப் பேசினார்.

“தாயி, கூப்பிட்டது நீ. குத்தம் சொல்லல. தண்ணி குடுத்திருக்கு, நெழல் குடுத்திருக்கு, நல்ல விருந்தாளி. ஆனா நாம உப்பத் தின்னுதோம். இன்னும் நாலு தூத்தல் விழுந்தா இந்த வருசத்து வெள்ளாம கடலுக்குத் திரும்பப் போயிரும்.”

“விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாவ,” என்றார் ஒருவர் பின்னாலிருந்து. “மூணு நாள் பொறுப்போம். தானாப் போயிரும்.”

“மலைக்கு ஒரு நாளுன்னா எம்புட்டுடே?” என்று அண்ணாச்சி கேட்டார்.

யோசிக்க யோசிக்க அந்தக் கேள்வி வளர்ந்தது. மலைக்கு ஒரு கண் இமைப்பில் எத்தனை அம்பாரம் கரையும், ஒரு கொட்டாவியில் எத்தனை சங்கத் தலைவர்கள் மாறிப்போவார்கள் என்று ஆளாளுக்கு மனசுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

போ என்று சொல்லிவிடலாமே என்று வெளியூர்க்காரர் யாரும் கேட்கக்கூடும். சிப்பித்துறையில் அந்தச் சொல்லை விருந்தாளியிடம் சொன்னவர் கிடையாது. வந்தவர்கள் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டால் வீட்டுக்காரி தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் பூவும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு முன்னே வருவாள். நெற்றியில் குங்குமம் வைப்பாள். வந்தவர்கள் எழுந்துகொள்வார்கள். போ என்று யாரும் சொல்லவில்லை, போனேன் என்று யாரும் வருத்தப்படவில்லை. இவ்வளவு நுட்பமான ஏற்பாடு அரசுகளுக்கு இடையில்கூடக் கிடையாது.

“அப்ப தாம்பூலம் குடுத்திர வேண்டியதுதான்,” என்றாள் ராஜகனி. உடனே அவளுக்கே ஒரு சந்தேகம். “ஆமா, அவுக கல்யாணம் ஆனவுகளான்னு தெரியாம குங்குமம் வைக்கலாமா மதினி?”

“மலையெல்லாம் வானத்துக்கு வாக்கப்பட்டதுதாம்ட்டி,” என்றாள் செல்லக்கனி.

நெற்றி உச்சியில் இருந்தது. உச்சிக்கு அனுமதி இல்லை. எல்லோரும் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் விசிலை உருட்டிக்கொண்டே யோசித்தார். “பூங்காவுக்குள்ள இருக்க உச்சிக்குத்தான் அனுமதி இல்ல,” என்றார் கடைசியில். “பூங்காவுக்கு வெளிய இருக்க உச்சியப் பத்தி விதியில ஒண்ணுமில்ல.” இப்படியாக அவர் கட்டிய கயிற்றை அவரே தூக்கிப் பிடிக்க, செல்லக்கனி குனிந்து உள்ளே போனாள்.

விடிந்ததும் ஏறத் தொடங்கினாள். ராஜகனி சோலைவரை வந்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். பேச்சிமுத்து புல்வெளிவரை வந்தார். அதற்குமேல் தான் போனதில்லை, இனிப் போகிற எண்ணமும் இல்லை என்றார். அதற்குமேல் அவள், தட்டு, மலை. பாறையில் விரல் பதித்து, புல்லைப் பிடித்து, தட்டை இடுப்பில் அணைத்து, மூச்சுக்கு மூச்சு நின்று நின்று, மேகத்துக்குள் நுழைந்து மேகத்துக்கு மேலே அவள் வெளிப்பட்டபோது வெயில் வேறாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள்.

கீழே மேகம் கிழிந்த இடத்தில் சிப்பித்துறை கிடந்தது. தன் ஆயுசு முழுக்க அவள் குனிந்து மிதித்துக் குதிகால் வெடித்த பாத்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, யாரோ மிகப் பெரியவர்களுக்காகத் துவைத்து உலர்த்திய சேலையைப்போல, கடல்வரை விரித்திருந்தன. இதற்குள்ளேயா இருந்தோம் என்று அவளுக்குத் தோன்றிற்று. தவமணி ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்ப்பது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. மறுபுறம், வெகு மேற்கே, மலைத்தொடரில் பல் விழுந்த ஈறுபோல ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் பறவைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் மலையின் நெற்றியில் உட்கார்ந்தாள். பாறை வெதுவெதுப்பாக இருந்தது.

“எத்தன பேரக் கூப்பிட்டிருக்கேன் தெரியுமா,” என்றாள். “ஒருத்தரும் வரல. நீங்கதான் வந்திய. இப்ப ஒங்களையும் நான் அனுப்பணும்னு ஊரு சொல்லுது. எனக்கு மனசு இல்ல தாயி. ஆனா அவுக அளம் கரையுது. அங்க ஆறு வத்துது.”

மலை கேட்டுக்கொண்டிருந்தது. கேட்பதில் மலையைப்போலக் கெட்டிக்காரர் இல்லை. அவள் வெற்றிலையை வைத்தாள், பூவை வைத்தாள், மஞ்சளை வைத்தாள், விரலில் குங்குமம் எடுத்துக் கரும்பாறையின் நடுவில் பொட்டு வைத்தாள். இனிச் சொல்ல வேண்டிய சொல் ஒன்று இருந்தது. மறுபடி வாங்க. தாம்பூலம் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் அவமானம். சொன்னால் இந்த விருந்தாளி வருவாள். வராமல் இருக்க மாட்டாள் என்பதுதான் இப்போது தெரிந்துவிட்டதே. அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கீழே புள்ளி நின்றுகொண்டிருந்தது. மலையும் எழுந்திராமல், சொல்லுக்காகக் காத்திருந்தது.

“இனிமே,” என்றாள் செல்லக்கனி, “நாங்க வாரோம்.”

மலை எழுந்தது.

ஒரு விஷயத்தை ஊரில் யாரும் யோசிக்கவில்லை, சங்கமும் யோசிக்கவில்லை: தாம்பூலம் வாங்கியவர் எழுந்துகொள்வார் என்றால், அவர் நெற்றியில் உட்கார்ந்திருப்பவள் என்ன ஆவாள்? நின்றாள்மலை, சோலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ராஜகனியை ஒரு சரிவு வழியாகப் பதமாக வரப்பில் இறக்கிவிட்டு, தன் மரங்களையும் ஆடுகளையும் மேகங்களையும், புல்வெளியில் இருந்த காவலரையும் உச்சியில் இருந்த செல்லக்கனியையும் வைத்துக்கொண்டே, அடியில் ஒட்டிய உப்புமண்ணோடு மேற்கே திரும்பியது. தவமணி வரப்பு வழியாக ஓடினார்.

“ஏளா. எறங்குளா. ஏளா.”

“என்னத்துக்கு ஓடுதிய,” என்றாள் ராஜகனி, சேலையில் ஒட்டிய பாசியைத் தட்டிக்கொண்டு. “வந்தவுகளக் கொண்டுபோய் விட்டுட்டு வரதுதான மொற. விட்டுட்டு வருவாவ.”

அன்று மீதிப் பகல் முழுவதும் செல்லக்கனி பூமி நகர்வதைப் பார்த்தாள். பனைகள் கீழே புல்லைப்போலப் போயின, குளங்கள் சில்லறைபோல மின்னிப் போயின, கோயில் கோபுரங்கள் அவளுக்கு எதிர்வந்து வணங்கி விலகின, ஊர் ஊராகப் பிள்ளைகள் மேகம் மேகம் என்று கைகாட்டினார்கள், அவளும் கைகாட்டினாள். பயம் வந்து, நேரம் ஆக ஆக அதுவே கழன்று விழுந்தது. மலை நடக்கிறபோது குலுங்குவதில்லை. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களின் நடை அது. தூக்கியும் பழகாத, தூக்கப்பட்டதையும் மறந்துபோன அவள், பாறையில் கன்னம் வைத்துப் படுத்துக்கொண்டாள், அடியில் ஏதோ மிக ஆழத்தில் மெதுவாகத் துடிப்பது கேட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்தார்கள். மலை தன் இடைவெளியில், பழைய நாற்காலியில் உட்காருகிறவர்களைப்போல, பார்த்து உட்கார்ந்தது. பறவைகள் சுற்றுவதை விட்டு இறங்கின. ஆறு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பேசத் தொடங்கிற்று. அந்த நொடியிலிருந்து செல்லக்கனி, தேசியப் பூங்காவின் தடைசெய்யப்பட்ட உச்சியில், அனுமதி இல்லாமல் இருந்தாள்.

பேச்சிமுத்து புல்வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்தார். விசிலை எடுத்தார். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபக்கம் திரும்பி, “பாத்து எறங்குங்கக்கா, பாசி வழுக்கும்,” என்றார்.

மறுநாள் அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, நிழலில்லாத அந்த நெடும்பாதையை நடந்து வீட்டுக்கு வந்தாள். தவமணி வாசலில் நின்றார். முன்கூட்டியே எழுந்து நின்றது போலிருந்தது. புதுப்பாயை விரித்திருந்தார், தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார். அவள் குடித்தாள்.

“நல்லா இருந்தாவளா?” என்று கேட்டார்.

“நல்லாப் போய்ச் சேந்தாவ.”

தப்பியது முக்கால் விளைச்சல். வெயில் திரும்ப வந்தது, கரைந்த பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டினார்கள். மலை உட்கார்ந்திருந்த இடத்தில் உடைமரங்கள் எல்லாம் மேற்கே சாய்ந்திருந்தன. வேல் வெட்டவெளியில் நின்றது, அதை யாரும் பிடுங்கவில்லை. கண்டக்டர் இன்னும் ‘மலையடி’ என்றுதான் கூப்பிடுகிறார், அங்கே இறங்குகிறவர்களும் எதையும் கேட்பதில்லை. ஒவ்வொரு சித்திரையிலும், தண்ணீர் கட்டி விளைவதற்குக் காத்திருக்கிற நாட்களில், சிப்பித்துறையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் நின்றாள்மலைக்குப் போய்க் கால்நடையாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள், தங்கப்பழம் அண்ணாச்சியும் போகிறார், பேச்சிமுத்து அதே விதிகளை ஒப்பிக்கிறார்.

மேற்கே, நின்றாள்மலை அடிவாரத்து ஊர்களில், அதன் ஓடைத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சுகிறவர்கள், அந்த வருஷத்திலிருந்து உப்புப் போடுவதில்லை.